ஓசியில் ஓடும் படங்கள்

2024 ஜூன் 3, திங்கள்

முதலாளி ஸ்தனிஸ்லாஸ் அண்ணன், நாங்கள் எடுத்த ஒரு கல்யாணத்தின் படங்களைச் சுருக்காமல் அப்படியே ஸ்டுடியோ சைட்டில் ஏற்றிவிட்டார். ஒரே ஒரு மாலையைக் காட்ட முப்பது எம்பி! "தரம் குறையக் கூடாதும்மா" என்கிறார். நத்தத்தில் ரெண்டு கோடு சிக்னலை வைத்துக்கொண்டு பார்க்கிறவனுக்கு மாலையே வந்து சேராது. இதில் தரமாம்.

"பிராங்கிளின் சைட்டைப் பாரு, எப்பிடிப் பறக்குது!" என்று வேறு.

பிராங்கிளின் முன்பு எங்களிடம் வேலை பார்த்தவன். இப்போது வத்தலக்குண்டில் சொந்த ஸ்டுடியோ. அம்மா எனக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையும் அந்த மகான்தான். "சொந்தத் தொழில்டி ரீனா. எம்புட்டுப் படம் எடுத்திருக்கான் பாரு!" ஞாயிறு பதினாறாம் தேதி பேசி முடிக்க வருகிறார்கள். என்னைக் கேட்டார்களா? கேட்ட மாதிரி நடித்தார்கள்.

ஜூன் 11

சைட் படுத்துவிட்டது. மாதம் முழுக்க வர வேண்டிய பேண்ட்வித், சைட்டுக்கு அளந்து விட்ட டேட்டா, இன்றைக்கே தீர்ந்துபோச்சு. திட்டு எனக்கு.

மகானின் சைட் எப்படித்தான் பறக்கிறது என்று திறந்தேன். பெயர் இருக்கிறது, போன் நம்பர் இருக்கிறது. படம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் வெறும் கட்டம். எங்கள் சைட் படுத்தால் அவன் படம் ஏன் காணாமல் போகணும்?

ஜூன் 13

பேண்ட்வித் கூடுதலாக வாங்கினோம். சைட் எழுந்தது. அவன் படங்களும் எழுந்துவிட்டன!

யார் எவ்வளவு இழுக்கிறார்கள் என்ற பதிவைப் பார்த்தேன். பாதியைத் தின்றது அண்ணனின் முப்பது எம்பி. மீதி பிராங்கிளின். அவன் பக்கத்தில் படமே கிடையாது, எங்கள் படங்களின் முகவரி மட்டும்தான். யார் திறந்தாலும் படம் எங்கள் சர்வரிலிருந்து, எங்கள் செலவில் போகிறது. அதுவும் நான் எடுத்து, நான் உட்கார்ந்து சுருக்கியவை. அவனுக்குச் சுருக்கக்கூடச் சோம்பேறித்தனம். சீ.

அண்ணனிடம் சொன்னேன். "நம்ம படம் நல்லாருக்கப்போய்த்தானே எடுக்கிறான்" என்று சிரிக்கிறார். அம்மாவிடம் சொன்னேன். "பொறாமைடி உனக்கு."

சரி.

ஜூன் 15

எங்கள் படங்களுக்கெல்லாம் புதுப் பெயர் வைத்தேன். அவன் சைட் தேடி வரும் பழைய பெயர்கள் எல்லாவற்றிலும் ஒரே படம். வெள்ளையில் சிவப்பு எழுத்து: "இது நான் எடுத்த படம் இல்லை."

ஜூன் 16, ஞாயிறு

வந்தார்கள். கேசரி சாப்பிட்டதும் அவன் மாமா போனை எடுத்து, "மாப்பிள்ளை வேலையைப் பாருங்க" என்று அம்மாவிடம் நீட்டினார். அம்மா தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பிறகு எழுத்துக் கூட்டி, சத்தமாகப் படித்தாள். "இது... நான் எடுத்த... படம் இல்லை." அடுத்ததையும் படித்தாள்.

"சர்வர் பிரச்சனை அத்தை" என்றான் பிராங்கிளின்.

"ஆமா. சர்வர் எங்களுது" என்றேன்.

காபிக்கு யாரும் நிற்கவில்லை.

ஜூன் 20

அம்மா என்னோடு பேசுவதில்லை. சோறும் வெஞ்சனமும் மட்டும் தட்டில் விழுகின்றன.

ஜூலை 2

அண்ணன் கேக் வெட்டும் வீடியோவை முழுசாக ஏற்றியிருக்கிறார். வேலையை விட்டுட்டேன். போதும்டா சாமி.

ஆகஸ்ட் 23

அகரத்தில் பானுப்ரியா என்ற பெண்ணுக்குக் கல்யாணம். படம் எடுக்கப் பெண் வீட்டார் நேரே என்னையே கூப்பிட்டிருந்தார்கள். அம்மா, கூப்பிடாமலே கூட வந்தாள். முகூர்த்த நேரத்தில் லைட்டைப் பிடிக்க ஆள் இல்லை. அவளே வாங்கிப் பிடித்தாள்.

பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி அம்மாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது. "போட்டோ எடுக்கிற புள்ள உங்க மகளா? கல்யாணம் ஆயிருச்சா?"

"செத்தத் தள்ளி நில்லுங்க" என்றாள் அம்மா. "படத்துல விழுறீங்க."