பாட்டுக்கு நடுவில் வாசிக்கிறவன்

2 ஜூன் 2025, திங்கள்

எலெக்ட்ரானிக் சிட்டியில் கடைசி டிராப். என் கேப்பில் இருந்த பெண்ணிடம், "மேடம், மேம்பாலத்துல போனா சீக்கிரம் போயிடலாம், கீழ போனா என் கதை முழுசும் கேக்கலாம், எது வேணும்?" என்றேன். சிரித்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டது.

ஸ்ரீராம்புரம் வந்து கதவைத் திறந்தால் இருட்டு. கிண்டல் பண்ண ஆள் இல்லாத வீடு என்ன வீடு? அதனால்தான் எழுதுகிறேன். நாலாவது வரைக்கும்தான் படிப்பு. தப்பு இருந்தால் இருக்கட்டும், திருத்த யார் இருக்கா?

கிரேஸ் தங்கவயலில், அவள் அக்கா குளோரியா வீட்டில். தொண்டையில் ஆபரேஷன் ஆனபிறகு பேச்சு திரும்பி வந்தது, பாட்டு வரவில்லை. பேசினாலும் மணலை அரைக்கிற மாதிரி. எத்தனை ரிசப்ஷன் மேடை, எத்தனை பூசை! அவள் பாடுவாள், நான் பக்கத்தில் ஸ்டீல் கிட்டாரை மடியில் படுக்கப்போட்டு வாசிப்பேன். இப்போது அந்தச் சத்தம் கேட்டாலே நெஞ்சை அடைக்குது என்றாள். "நிறுத்திடறேன்" என்றேன்.

"நிறுத்தாதய்யா. உன்னையும் ஊமையாக்கின பாவம் எனக்கு எதுக்கு?"

பையை எடுத்துக்கொண்டு ரயிலேறிவிட்டாள். என் பெண்டாட்டி இனி என்கூட இருப்பாளா, மாட்டாளா? அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எனக்கு!

4 ஜூன், புதன்

மேல்வீட்டு ஷோபா படியில் நின்றபடி, "ஏன் அண்ணா, உங்க கிட்டாருக்கு நெட்டு இல்லையா? கொஞ்சம் வருது, நின்னுடுது, மறுபடி கொஞ்சம் வருது. பஃபர் ஆவுதா?" என்றாள்.

"ரீசார்ஜ் பண்ணலம்மா."

சிரித்துக்கொண்டே உள்ளே வந்தேன். உள்ளே வந்ததும் சிரிப்பு போய்விட்டது. அவள் சொன்னது சரிதான். நான் பாட்டுக்கு நடுவில் வாசிக்கிறவன். கிரேஸ் ஒரு அடி முடித்து அடுத்த அடி எடுப்பதற்குள் இருக்கிற சந்து மட்டும்தான் என்னுது. இப்போதும் அப்படியே வாசிக்கிறேன். அவள் அடி முழுக்க வழுக்கி வாசிக்கிற இரும்புத் துண்டைக் கம்பிக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறேன் — யாருக்கு?

6 ஜூன், வெள்ளி

கோயில் பாட்டுக் குழுவைப் பார்த்துக்கொள்ளும் மௌரீன் வழியில் பிடித்துக்கொண்டாள். "அடுத்த வெள்ளி அந்தோணியார் திருநாள்ணா. எல்லாரும் நன்மை அப்பம் வாங்கினப்புறம், கிரேஸக்கா பாடுவாங்களே அந்தப் பாட்டு, அதை நீங்க மட்டும் தனியா வாசிக்கணும்."

"எனக்கு அந்தப் பாட்டே தெரியாதும்மா."

விழுந்து விழுந்து சிரித்தாள். எப்போதும் ஜோக் அடிக்கிறவன் உண்மை சொன்னால் இதுதான் கதி.

7 ஜூன்

போனில் வான் ஷிப்லி, சுனில் கங்குலி. ஸ்டீல் கிட்டாரில் பெரிய கைகள். பாடுகிற ஆளே இல்லாமல் சினிமாப் பாட்டை முழுசாக வாசிக்கிறார்கள். இரும்பு வழுக்கிக்கொண்டு போகிறது, வார்த்தை கேட்கிற மாதிரியே இருக்கிறது. இந்த வாத்தியத்தைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஹவாய் தீவில் ஒரு பையன், தண்டவாளத்தில் கிடந்த போல்ட்டை எடுத்துக் கம்பி மேல் இழுத்துப் பார்த்தானாம், அதிலிருந்து வந்ததாம். கூட யாரும் வராமல் தனியாகத்தான் நடந்திருப்பான் போல.

9 ஜூன், திங்கள்

முதல் அடி கைக்கு வந்துவிட்டது. வராமலே இருந்திருக்கலாம். அவள் நாற்காலியில் நான் ஏறி உட்கார்ந்த மாதிரி —

11 ஜூன், புதன்

குளோரியாவுக்கு போன் பண்ணினேன்.

"வெள்ளிக்கிழமை நான் தனியா வாசிக்கிறதை அவகிட்ட சொன்னியாக்கா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னா?"

"பூண்டு உரிச்சிக்கிட்டிருந்தா."

"எத்தனை உரிச்சா?"

"வெச்சிடு போனை, சவரிமுத்து."

13 ஜூன், வெள்ளி

வாசித்தேன். ஒரு அடி, சந்து, அடுத்த அடி, சந்து — எல்லாம் நானே. எங்கேயும் நிற்கவில்லை, நின்றால் அழுதுவிடுவேன் என்று பயம். வெளியே வந்ததும் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "கிரேஸ் பாடின மாதிரியே இருந்திச்சு" என்றாள் மௌரீன். வீடியோவைத் தங்கவயலுக்கு அனுப்பிவிட்டேன் என்றும் சொன்னாள். யாரைக் கேட்டு அனுப்பினாள்?

கிரேஸ் வந்திருப்பாளா என்று பெண்கள் பக்கம் நாலு தரம் எட்டிப் பார்த்தேன். வரவில்லை.

பிரியாணி பொட்டலம் ஆளுக்கு ஒன்று. எனக்கு இரண்டு கொடுத்தார்கள், பழக்கத்தில்.

14 ஜூன்

தங்கவயலிலிருந்து போன் இல்லை. கேப்பில் யாரிடமும் வாயாடவில்லை. ஒரு பையன், "அண்ணா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான்.

15 ஜூன், ஞாயிறு

குளோரியா நம்பர். எடுத்தால், மணல் அரைக்கிற சத்தம்.

"யோவ், மூச்சே விடாம வாசிக்கிறியே. அப்படிப் பாடினா நான் செத்துடுவேன்யா."

தினம் கேப் நிறைய ஆட்களைச் சிரிக்கவைக்கிறவன், போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"இத்தினி வருஷம் பக்கத்துல உக்காந்திருந்தே, ரெண்டாவது அடியில நான் எங்க மூச்சு எடுப்பேன்னு பாக்கலியா?"

"நான் உன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டிருந்தேன்."

"பொய்யி. பந்தியைப் பாத்துக்கிட்டிருந்தே. எடு கிட்டாரை."

போனை ஸ்பீக்கரில் போட்டு தலையணை மேல் வைத்தேன். வாசித்தேன். அவள் "ம்" என்று சொல்கிற இடத்தில் இரும்பைக் கம்பியிலிருந்து தூக்கினேன். தூக்கினால், தூரத்தில் அவள் மூச்சு இழுக்கிறது கேட்கிறது. மறுபடி வைத்தேன். ரெண்டாவது அடி மூணு தரம். நாலாவது தரம், "பரவால்ல" என்றாள்.

வீட்டுக்கு எப்போ வர்றே என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

"நாளைக்கு டூட்டி முடிஞ்சதும் கூப்பிடு" என்றாள். "மூணாவது அடி இன்னும் மோசம்."