முன்கதவைத் தட்டிய மருந்து

அன்புள்ள மகள் கெரிஸுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், நாய் பான்டியும் நலம், மழையும் ஒரு குறையுமில்லாமல் பெய்துகொண்டிருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளை டேனும் குட்டிப் பேத்தி மாப்லியும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் இருவரின் பிரார்த்தனை. நியூசிலாந்தில் இப்போது வெயில் கொளுத்துகிறதாமே, இங்கே துணி காயாமல் அடுப்படி முழுக்கத் தோரணம் கட்டியிருக்கிறேன், உன் அப்பாவின் காலுறைக்கு அடியில் உட்கார்ந்துதான் சாப்பாடு. பிள்ளைக்குப் பல் முளைக்கிற நேரம், எதையும் வாயில் வைக்கும், பார்த்துக்கொள். ஈஸ்டருக்கு வரும்போது அவளுக்குக் கனத்த கோட்டு கொண்டுவா, அங்கத்திய மெல்லிசுச் சட்டையெல்லாம் நம்முடைய வேல்ஸ் காற்றுக்குக் காணாது.

இப்போது உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்லப் போகிறேன், கோபம் வந்தால் நேரில் வந்து திட்டு. கிறிஸ்துமஸுக்கு நீ வீடியோவில் பேசினாயே, அப்போதெல்லாம் என் கை மேஜைக்குக் கீழேயே இருந்தது. முடக்குவாதம் மறுபடி தலைதூக்கி, விரலெல்லாம் வீங்கி, டீக்கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தாலும் ஆட்டம். டீ கொட்டினால் துடைத்துக்கொள்ளலாம். நீ வந்து மாப்லியை நீட்டினால் நான் எந்தக் கையால் வாங்குவேன்? கீழே போட்டுவிடுவேனோ என்ற பயத்தில் எனக்குத் தூக்கமே போயிற்று. அந்தப் பயத்தை அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

எல்லாம் ஊசி வராததால்தான். முன்பெல்லாம் இரண்டு பஸ் மாறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி மருந்தை வாங்கி வருவேன். இலையுதிர் காலத்தில் ஆஸ்பத்திரி மருந்தகத்தார் இனிமேல் வீட்டுக்கே வரும் என்றார்கள். முதல் தடவை வந்தபோது அப்பா தெருவில் நின்று ஜன்னலுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார், கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டார். அதோடு சரி. நானும் இன்று வரும் நாளை வரும் என்று காத்துக் காத்து, கடைசியில் மருந்தகத்திலிருந்து தெலித் என்ற பெண் கூப்பிட்டாள். “அம்மா, வண்டி ஒவ்வொரு தடவையும் வந்துட்டுத் திரும்பிப் போகுது, வீட்ல யாருமே இல்லையாம். உங்களுக்கு ஊசி வேண்டாம்னா சொல்லிடுங்க, டாக்டர் நிறுத்திடுவாங்க” என்றாள். எனக்கு வந்ததே கோபம். “வீட்ல இல்லாம நான் எங்கடி போனேன்? பின்கதவைத் திறந்து போட்டுட்டு நாள் பூரா அடுப்புக்கிட்டதான் நிக்கறேன், என் கறிச்சாறு வாசனை பாலம் வரைக்கும் போகுது, உங்க டிரைவருக்கு மூக்கில்லையா?” என்று பிடித்துக்கொண்டேன். செல்போனில் தகவல் அனுப்பினோமே என்றாள். அனுப்பியிருப்பார்கள், உன் அப்பாவின் போன்தான் கரண்டி டப்பாவுக்குள் நிம்மதியாகத் தூங்குகிறதே.

தெலித் கார்டிஃப் பட்டணத்துக்காரி, சின்னப் பெண்தான், ஆனால் நான் போட்ட சத்தத்துக்குப் பயந்து ஒதுங்கவில்லை. நம் பள்ளத்தாக்கில் வீட்டுக்கு மருந்து வாங்கும் எல்லோரையும் பெத்தேல் கோயில் கூடத்துக்கு வரச் சொல்லி, அவளே மலையேறி வந்துவிட்டாள். கூடவே வண்டி ஓட்டும் ரீஸையும் அழைத்து வந்திருந்தாள், கதவு உயரத்துக்கு ஆள், கூச்சத்தில் தொப்பியைக் கசக்கிக்கொண்டே இருந்தான். அவள் எழுந்து, “மத்த ஊர்லயெல்லாம் எப்பவாவது ஒரு பெட்டி திரும்பி வரும், உங்க ஊர்ப் பெட்டிங்கதான் போனது போனபடி வருது. தப்பு எங்க பக்கம்னா நான் திருத்தணும், சொல்லுங்க, எங்கதான் போறீங்க எல்லாரும்?” என்று கேட்டாள். பக்கத்து வீட்டு பெரில், “இந்த முட்டியை வச்சுக்கிட்டு நான் எங்க போறது, டான்ஸ் ஆடவா?” என்று கத்தினாள், கூடமே எழுந்து கத்தியது. அப்போதுதான் ரீஸ் மெல்ல வாய் திறந்தான். “நான் முன்கதவைத் தட்டுவேங்க. உள்ள ரேடியோ பாடும். தட்டின உடனே ரேடியோ நின்னுடும். அப்புறம் மூச்சு விடற சத்தம்கூட வராது” என்றான்.

கூடத்தில் அத்தனை பேரும் அவரவர் செருப்பைப் பார்த்தோம். உனக்குத் தெரியாததா, நம் தெருவில் முன்கதவைத் தட்டுவது யார்? போலீஸ், ஓட்டுக் கேட்கிறவன், இல்லாவிட்டால் சாவுச் செய்தி. மனிதர்கள் வருவது பின்சந்து வழியாகத்தான். எனக்கு அந்த இடத்திலேயே ஞாபகம் வந்துவிட்டது, ஒரு நாள் தட்டும் சத்தம் கேட்டதும் உன் அப்பாதான் ரேடியோவைப் பட்டென்று நிறுத்தி, “அசையாத நெஸ்டா, ஓட்டுக் கேக்க வந்திருக்கான், போயிடுவான்” என்று கிசுகிசுத்தார். நானும் கரண்டியைப் பிடித்தபடி சிலை மாதிரி உட்கார்ந்திருந்தேன். என் மருந்து வாசல் வரை வந்திருக்கிறது, நானே ஒளிந்துகொண்டு அதைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போகும் என்பார்கள், எட்டவிடாமல் செய்தவளே நான்தான். திறக்க நினைத்தாலும் முடிந்திருக்காது, அந்தக் கதவு கடைசியாகத் திறந்தது நீ கல்யாண உடுப்பில் படி இறங்கிய அன்று, அப்புறம் பாத்திர அலமாரியை அதன்மேல் சாத்திவிட்டோமே. கூட வந்திருந்த உன் அப்பா முதலில் சிரிக்க ஆரம்பித்தார், பிறகு கூடம் முழுக்கச் சிரிப்பு, தெலித் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சிரித்ததோடு விடவில்லை அந்தப் பெண். இப்போது வண்டி பின்சந்து வழியாகத்தான் வருகிறது. முந்தின நாள் வீட்டு போனில் ஆளே கூப்பிட்டுச் சொல்கிறார்கள், இயந்திரக் குரல் இல்லை. நாம் நிஜமாகவே வீட்டில் இல்லாவிட்டால் தெருமுக்கு மருந்துக்கடை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போவார்கள். பெரில் தன் வீட்டு ஃப்ரிட்ஜில் வைக்கலாம் என்றாள், மீனுக்குப் பக்கத்தில் வேண்டாம் என்று தெலித் நயமாக மறுத்துவிட்டாள். ஆனால் முதல் நாளே புதுத் தொல்லை. பின்வாசலில் வந்தவனுக்கு டீ கொடுக்காமல் அனுப்புகிற வழக்கம் நமக்கு உண்டா? ரீஸ் வீட்டுக்கு வீடு டீயும் திராட்சை ரொட்டியுமாகத் தெருவைத் தாண்டவே பொழுது சாய்ந்துவிட்டது. மறுநாள் தெலித் கூப்பிட்டு, “அம்மா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன், அவருக்கு டீ குடுக்காதீங்க, அடுத்த ஊர்க்காரங்க என்னைத் திட்டறாங்க” என்றாள். “பச்சைத் தண்ணி குடுக்காம அனுப்பினா என்னைத்தாண்டி ஊர் திட்டும்” என்றேன். கடைசியில் ஒரு நடைக்கு ஒரு வீட்டில் மட்டும் டீ, முறை வைத்து, என்று முடிவாயிற்று. பெரில் என் முறையையும் சேர்த்துப் பிடுங்கிக்கொள்கிறாள், அது வேறு சண்டை.

ஊசி மறுபடி ஒழுங்காக ஏற ஆரம்பித்ததும் வீக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. டாக்டரம்மா என் விரல்களை மடக்கிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். போன கடிதமெல்லாம் உன் அப்பா கோழி கிளறின மாதிரி எழுதியது. இது என் கையெழுத்து, கண்ணு, கவனித்தாயா? நடுநடுவே விரலுக்கு ஓய்வு கொடுத்துத்தான் எழுதுகிறேன், ஆனாலும் முழுக்க நானே. இன்னொன்றும் செய்கிறேன், சிரிக்காதே. உருளைக்கிழங்குப் பையைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு அடுப்படியில் நடை பழகுகிறேன். உன் அப்பா எட்டிப் பார்த்து, “பேத்தி அப்படியே உன் சாயல்” என்கிறார். ஒரு தடவைகூட நழுவவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. மாப்பிள்ளையோடு சின்ன விஷயத்துக்கெல்லாம் மல்லுக்கு நிற்காதே, அந்தக் குணம் என்னிடமிருந்து வந்ததுதான், தெரியும். பெல்ட் போடாமல் காரில் ஏறாதே. மூன்று பேரையும் ஆண்டவர் நோய் நொடியில்லாமல் காக்கட்டும், மாப்லி நூறு வயது வாழட்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. பிள்ளை முதன்முதலாக வீட்டுக்குள் வருவது முன்கதவு வழியாகத்தான் இருக்க வேண்டும். அப்பாவும் ரீஸும் சேர்ந்து அலமாரியை நகர்த்தி, இறுகிப்போன கதவை இழைத்து, திறந்து மூடிப் பார்த்துவிட்டார்கள். மறுநாளிலிருந்து நீயும் பின்வாசல்காரிதான், ஆனால் அன்றைக்கு மட்டும் முன்கதவைத் தட்டு. ரேடியோ பாடிக்கொண்டேதான் இருக்கும். நான் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு கதவுக்கு இந்தப் பக்கம் நிற்பேன்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா நெஸ்டா
(அப்பா இத்வலின் முத்தங்களும் இதற்குள் இருக்கின்றன)