மூன்று ஊசியும் நாற்பத்தொரு பேரும்

2003 செப்டம்பர் 9

பாக்கு காயப் போட்டிருந்தேன். பத்து மணிக்கே மழை வந்துவிட்டது. தனியாக அள்ளினேன். கமலாட்சி எழுந்து வரவில்லை. கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து மழைக்கு அவள் ஓடி வராதது இதுதான் முதல் தடவை. கால் இரண்டும் வீங்கிக் கிடக்கின்றன. விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. முப்பது வருடம் தேயிலைத் தோட்டத்து மருந்துச்சாலையில் இருந்தவனுக்கு இது என்னவென்று தெரியாதா? தெரிந்தும் "உப்பைக் குறை" என்று மட்டும் சொன்னேன்.

செப்டம்பர் 22

கண்டிக்குக் கூட்டிப்போனேன். ஈரல் இறுகிவிட்டதாம். ஹெபடைடிஸ் சி என்கிறார்கள். பத்துப் பதினைந்து வருடம் சத்தமில்லாமல் உள்ளே இருந்து ஈரலைத் தின்னும் கிருமி. ரத்தத்தோடு ரத்தம் கலந்தால்தான் பெரும்பாலும் தொற்றும்.

"எப்பவாவது ரத்தம் ஏத்தினாங்களா, ஒப்பரேஷன் ஏதும் செஞ்சாங்களா?" என்று டொக்டர் கேட்டார்.

இல்லை என்றாள் கமலாட்சி. என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

ஒக்டோபர் 12, ஞாயிறு

ஆராய்ச்சிக் குழு ஒன்று தோட்டத்துக்கு வந்தது. தலைவி டொக்டர் மஸூதா, மாத்தளை டவுன்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும். நேரே என் வீட்டுக்குத்தான் வந்தார்.

"ஒரே தோட்டத்துல இருந்து இதே நோயோட அஞ்சு பேர் எங்ககிட்ட வந்திருக்காங்க, ஐயா. தற்செயலா இருக்க ஏலாது. எங்க இருந்து வந்திச்சின்னு கண்டுபிடிக்கணும். ஈரல் கெடாதவங்களுக்குப் புது மருந்து குடுத்துப் பாக்கவும் அனுமதி கெடச்சிருக்கு."

கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகையில் வைத்து இருநூற்றுப் பன்னிரண்டு பேரிடம் ரத்தம் எடுத்தார்கள். என்னிடமும் எடுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனி ஊசி. காகித உறையைக் கிழித்து எடுத்து, குத்தி, பெட்டியில் போட்டார்கள். அந்தக் காகிதம் கிழியும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றேன்.

நவம்பர் 16

இருபத்தேழு பேருக்கு இருக்கிறது. எனக்கு இல்லை.

நவம்பர் 23

பழைய மருந்துச்சாலைப் பதிவேடுகளைக் கேட்டு வந்தார் டொக்டர் மஸூதா. எடுத்துக் கொடுத்தேன். எண்பத்தொன்பதாம் ஆண்டுப் பக்கத்தில் நின்றார்.

"ஒவ்வொருத்தருக்கும் கொதிக்க வச்ச ஊசின்னு எழுதியிருக்கீங்க. அந்தக் காலத்துலயே இவ்வளவு கவனமா இருந்திருக்கீங்க. அப்ப மருந்துச்சாலைய விட்டுட்டு வேற பக்கம்தான் தேடணும்."

தேத்தண்ணீர் கொடுத்தேன்.

டிசம்பர் 14

வேறு பக்கம் என்றால் மாடசாமி. தோட்டத்தில் சவரம் செய்கிறவர். பிள்ளைகளுக்கு மொட்டை போட்டுக் காது குத்துவதும் அவர்தான். குழுவில் வந்த பிள்ளைகள் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய், எங்கே சவரம், யார் காது குத்தினது என்று கேட்டார்கள். கேட்டது அவ்வளவுதான். மிச்சத்தைச் சனங்களே முடிவு கட்டிவிட்டார்கள். அவர் கடை நாற்காலியைத் தூக்கி யாரோ சாக்கடைக் கானுக்குள் போட்டிருக்கிறார்கள். இரண்டு வாரமாக ஒரு தலைகூட வரவில்லையாம்.

இன்று என் வீட்டுக்கு வந்தார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. வாசலிலேயே நின்றார்.

"டாக்டர் ஐயா, ஒங்களுக்குத் தெரியுமே. கத்திய டெட்டோல்ல போடாம நான் ஒரு ஆள தொட்டிருக்கேனா? எனக்கும்தான் அந்த நோவு இருக்குன்னு சொல்றாங்க. நானே எனக்கு வச்சுக்குவேனா? அந்த டாக்டர் அம்மாகிட்ட நீங்க ஒரு வார்த்த சொன்னா நம்புவாங்க."

"பாக்கிறேன்" என்றேன்.

டிசம்பர் 15

பார்க்கிறேன் என்றா சொன்னேன்? அவ்வளவுதானா நான்?

2004 ஜனவரி 4

எழுதிவிடுகிறேன். வேறு எவரிடமும் சொல்ல வாய் வரவில்லை.

எண்பத்தொன்பது ஒக்டோபர். கிளர்ச்சிக் காலம், ஊரடங்கு. ரோட்டோரத்தில் பிணங்கள் எரிந்த நாட்கள். மாத்தளையிலிருந்து லொறி வரவில்லை, மருந்து வரவில்லை. லயங்களில் சின்னமுத்து அம்மை வந்து, அதோடு நெஞ்சுச்சளிக் காய்ச்சல். இரண்டு பிள்ளைகள் போய்விட்டார்கள். பெரியவர்களும் படுத்துவிட்டார்கள். என்னிடம் பென்சிலின் இருந்தது. ஊசி மூன்றுதான். நாற்பத்தொரு பேர். கூட்டம் கூட ஆமிக்காரர்கள் கொடுத்தது ஒரு நாளைக்கு ஒரே ஒரு மணித்தியாலம். ஊசியைக் கொதிக்க வைத்து எடுக்க இருபது நிமிடம் வேண்டும்.

கொதிக்க வைக்கவில்லை. சுடுதண்ணீரில் அலசி, ஸ்பிரிட்டில் தோய்த்து, அடுத்த ஆள். ஐந்து நாள் இப்படி. சரியில்லை என்று தெரியும். தெரிந்துதான் செய்தேன். லைனில் ஒன்பதாவதாக நின்றவள் கமலாட்சி. அவளுக்கும் காய்ச்சல்.

அதற்குப் பிறகு ஒருவரும் சாகவில்லை. அந்தச் சந்தோஷத்தில், மேலிடத்திலிருந்து கணக்குக் கேட்பார்களே என்ற பயத்தில், கொதிக்க வைத்ததாகப் பதிவேட்டில் எழுதினேன்.

ஊசி போட்டதற்கு மனம் ஒரு சமாதானம் சொல்கிறது. எழுதினதற்கு என்ன சொல்வது?

ஜனவரி 6

கமலாட்சியிடம் சொன்னேன். அவள் வயிற்றில் நீர் கட்டி, சாய்ந்துதான் உட்கார முடிகிறது.

"தெரியும்" என்றாள். "சுடுதண்ணி கேத்தல தூக்கிக்கிட்டு வந்தது நாந்தானே. எத்தன தரம் கொதிச்சிச்சி, எத்தன தரம் கொதிக்கலன்னு எனக்குத் தெரியாதா?"

"கண்டியில கேட்டப்ப ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

அவள் முதுகுக்குத் தலையணையை நிமிர்த்தி வைத்தேன். பிறகு சொன்னாள்: "என்னைய விடுங்க. அந்த மாடசாமி அண்ணன் என்னா பாவம் செஞ்சிச்சி? போய் சொல்லிட்டு வாங்க."

ஜனவரி 11

சொன்னேன். டொக்டர் மஸூதா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"ஊசி போட்டதுக்குப் பொறகு நாப்பத்தொரு பேர்ல எத்தன பேர் இறந்தாங்க?"

"ஒருத்தரும் இல்ல."

"அதையும் எழுதுவேன் ஐயா. இதையும் எழுதுவேன்."

பெயர்ப் பட்டியலை ஒப்பிட்டுப் பார்த்தார். நோய் உள்ள இருபத்தேழு பேரில் இருபத்துநாலு பேர், மாடசாமியும் சேர்த்து, என் எண்பத்தொன்பதாம் ஆண்டுப் பதிவேட்டுப் பக்கத்தில் இருந்தார்கள்.

கமலாட்சிக்கும் அந்தப் புது மருந்து கொடுக்க முடியுமா என்று கேட்டேன். கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது. ஆனாலும் கேட்டேன். "ஈரல் அவ்வளவு இறுகினவங்களுக்கு அது நல்லதவிடக் கெடுதல்தான் கூடச் செய்யும், ஐயா. மன்னிச்சிக்கங்க." அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்.

பெப்ரவரி 8, ஞாயிறு

கோயில் முன்னால் எல்லாரையும் கூட்டி, நானே சொன்னேன். மாடசாமி கத்தியில் குற்றமில்லை, என் ஊசியில்தான் என்று. நடுவில் நிறுத்தவில்லை.

ஒருவன் காறித் துப்பினான். அன்று பிள்ளையோடு வரிசையில் நின்ற நல்லம்மா மட்டும், "அன்னிக்கு அந்த ஊசி இல்லாட்டி எம்மகன் இன்னிக்கு இல்ல" என்றாள். அவளுடைய இன்னொரு மகன் இருபத்தேழு பேரில் ஒருவன். அதையும் அவள்தான் சொன்னாள், அதே மூச்சில்.

மாடசாமி கடைசி வரை நின்று கேட்டார். என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

ஏப்ரல் 2

வஹகோட்டை அந்தோனியார் தேவாலயத்துக்குப் போகவேண்டும் என்கிறாள். நம்ம மாரியம்மன் கோவித்துக்கொள்ள மாட்டாளா என்றேன். "அவளும் பொம்பளதானே, புரிஞ்சுக்குவா" என்றாள். வேன் பிடித்துக் கூட்டிப்போனேன். உள்ளே போக முடியவில்லை. வேனிலிருந்தே கும்பிட்டாள். என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்கவில்லை.

மே 19

விடிய ஐந்து மணிக்கு ரத்தமாக வாந்தி எடுத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே.

மே 20

அடக்கம் செய்தோம்.

ஜூன் 3

கருமாதி. மாடசாமி வரவில்லை. சவரமும் சடங்கும் மாத்தளையிலிருந்து வேறு ஆள் வந்து செய்தார்.

ஓகஸ்ட் 15

பதினொரு பேருக்கு மருந்து தொடங்கியிருக்கிறார்கள். மாடசாமியும் ஒருவர். வாரத்துக்கு ஒரு ஊசி, தினமும் விழுங்கக் குளிசை, ஆறு மாதம். ஊசி போட்ட அன்று குளிர்க் காய்ச்சல், பிறகு நாலு நாள் உடம்பில் பெலன் இல்லை. பஸ்ஸிலிருந்து இறங்கின மாடசாமி பாலத்துச் சுவரில் உட்கார்ந்திருந்தார். நான் தள்ளி நின்று பார்த்தேன். அவர் எழுந்து நடக்கும்வரை நின்றேன்.

2005 ஜூன் 6, திங்கள்

காலையில் தபால். டொக்டர் மஸூதா தன் ஆய்வுக் கட்டுரையின் பிரதி அனுப்பியிருக்கிறார், மாநாட்டில் வாசிக்கப்போவதாம். தோட்டத்தின் பெயர் இல்லை, என் பெயரும் இல்லை. ஊரடங்கு, மூன்று ஊசி, ஒரு மணித்தியாலம், ஒருவரும் சாகாதது, எல்லாம் நாலு வரியில் இருக்கிறது. ஒரு அட்டவணை. சிகிச்சை பெற்றவர்கள் 11. கிருமி முற்றாக நீங்கியவர்கள் 7. சிகிச்சைக்குத் தகுதி பெறாமல் இறந்தவர்: 1.

அந்த ஒன்றின்மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பின்னேரம் வாசலில் சத்தம். மாடசாமி. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு. கையில் அவருக்கு வந்த கடிதம், இங்கிலீஷில்.

"இதுல என்னா எழுதியிருக்கு?"

வாங்கிப் படித்தேன். இரண்டு தரம் படித்துவிட்டுச் சொன்னேன்: "கிருமி இல்லன்னு எழுதியிருக்கு. முழுசாப் போயிருச்சி."

கடிதத்தை வாங்கி மடித்தார். வீட்டுக்குள்ளே, சுவரில் இருந்த கமலாட்சியின் படத்தைப் பார்த்தார்.

"அந்தப் புள்ளைக்கும் கெடச்சிருக்கலாம்" என்றார்.

படியிறங்கிப் போனவர் வேலியோரம் திரும்பினார்.

"தல பரட்டையாக் கெடக்கு, ஐயா. ஞாயித்துக்கெழம கடைக்கு வாங்க."

ஞாயிறுக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது.