ஒரு குழாய், இரண்டு வீடு

பேகம்பூர்,
திண்டுக்கல்.

மதிப்புக்குரிய பெரியத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போன் இருக்கும்போது இந்தப் பிள்ளை ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள். போனில் உங்கள் குரலைக் கேட்டால் எனக்கு "சரி பெரியத்தா" என்பதைத் தவிர வேறு வார்த்தை வராது. இது சரி என்று சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை.

ராணிப்பேட்டையில் உங்கள் உடம்பு சுகமா? நீங்கள் வேலை பார்க்கிற, தோல் பதனிடும் இடத்தில் இருமல் அதிகம் என்று அம்மா கவலைப்படுகிறார்கள். இங்கே வெயில் குறைந்திருக்கிறது. எனக்கு வேலை இன்னும் அமையவில்லை.

உங்கள் தம்பி, என் அத்தா, எழுதச் சொன்னதை முதலில் எழுதிவிடுகிறேன். முற்றத்தில் சுவர் எழுப்பி வீட்டை இரண்டாக்கிய பிறகும் குடிநீர் இணைப்பும் பாதாளச் சாக்கடை இணைப்பும் உங்கள் பெயரிலேயே ஒன்றாக இருக்கின்றன. அத்தா இப்போது எங்கள் பக்கத்துக்குத் தனி இணைப்பு வாங்க விரும்புகிறார். அதற்கு உங்கள் சம்மதக் கையெழுத்து வேண்டும். தாளை இத்துடன் வைத்திருக்கிறேன்.

காரணம் உங்களுக்கு அரைகுறையாக வந்திருக்கும். இரண்டு வீட்டுக்கும் வருகிற பில்லை ஆள் கணக்கில் பங்கு போடுவதுதானே நம் வழக்கம்? விருந்தாளி தங்கினால் அந்த வீட்டுக்குப் பங்கு கூடும். உங்கள் மகள் பர்ஹானா அக்கா பிரசவத்துக்கு வந்து பிள்ளை பெற்றதும் அத்தா, அக்காவையும் பிள்ளையையும் சேர்த்துக் கணக்கிடச் சொன்னார். பெரியம்மா, "கண்ணே முழிக்காத பிள்ளைக்குமா தம்பி தண்ணிப் பங்கு?" என்று கேட்டார்கள். அத்தா சும்மா இருந்திருக்கலாம். "ஏன், குளிப்பாட்டாமலா வச்சிருக்கீக?" என்றார். அம்மா தங்கள் பக்கம் வரக் கூடாது என்று பெரியம்மாவும், போகமாட்டேன் என்று அம்மாவும் சொல்லிவிட்டார்கள். பிள்ளையின் முகத்தை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை. அழுகை மட்டும் சுவரைத் தாண்டி வருகிறது.

தனி இணைப்புக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டுவர மாநகராட்சி அலுவலகத்துக்கு என்னைத்தான் அனுப்பினார்கள். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்களை எல்லாம் முன்னால் விட்டுவிட்டு, கவுன்ட்டரில் ஆள் இல்லாதபோது போய் நின்றேன். அங்கே இருந்த பெண் அலுவலர், "எதுக்குப் பிரிக்கிறீங்க?" என்று கேட்டார். எந்த வீட்டில் தண்ணீர் அதிகம் புழங்குகிறது என்பதில் தகராறு என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்க வீட்டுக் குழாயில மீட்டரே கெடையாதேம்மா! ஒரு குடம் புடிச்சாலும் ஒம்பது குடம் புடிச்சாலும் பில்லு ஒண்ணுதான். இதுக்கா அடிச்சுக்கிட்டீக?" என்றார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். நம் வீட்டுக் குடிநீர்க் கட்டணம் ஓர் இணைப்புக்கு இவ்வளவு என்று நிலையானது. சாக்கடைக் கட்டணம் கட்டடத்தின் பரப்பளவையும், அது வீடா கடையா என்பதையும் பார்த்துப் போடுவது. ஆள் எத்தனை என்று யாரும் பார்ப்பதில்லை. இணைப்பைப் பிரித்தால் இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். நம் பில் கூடுதலாக வருவதற்குக் காரணம், நீங்கள் தோல் பை தைத்து விற்ற முன் அறை இன்னும் கடை என்றே பதிவில் இருப்பது. கடையை மூடியதை நாம் யாரும் போய்ச் சொல்லவில்லை. அந்த அறையில்தான் இப்போது பிள்ளைக்குத் தொட்டில் கட்டியிருக்கிறார்களாம்.

நாம் இத்தனை காலம் குளித்ததையும் துவைத்ததையும் ஒருவரை ஒருவர் எண்ணிக்கொண்டிருந்தது வீண், பெரியத்தா. உங்கள் மாப்பிள்ளை வந்து தங்கியபோது தொழுகைக்கு ஒளூ செய்த தண்ணீரைக்கூட அம்மா எண்ணினார்கள்.

அத்தா சாப்பிடும்போது இதையெல்லாம் சொன்னேன். தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, "பில்லு கொறஞ்சா, பேசுன பேச்சு கொறஞ்சிருமா? நீ எழுதுத்தா" என்றார். தட்டில் பாதி அப்படியே இருந்தது. அவருக்கு வெட்கம் என்று நினைக்கிறேன். பில்லைப் பிரித்துவிட்டால் அந்த வெட்கத்தைப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா?

தண்ணீர் வரும் நாளில் உங்கள் பக்கம்தான் முதலில் வருகிறது. இவ்வளவு நடந்த பிறகும் பெரியம்மா எங்கள் பக்கத்து வால்வைத் திறந்துவிட்டு, "ரஃபியா, தண்ணி வந்துருச்சு, டியூபப் போடு" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிடுகிறார்கள். நான் "போட்டேன் பெரியம்மா" என்கிறேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் மிச்சம் இருக்கிற பேச்சு அவ்வளவுதான். தனிக் குழாய் வந்தால் அதுவும் தேவைப்படாது.

உறையில் இரண்டு தாள் இருக்கும். முன் அறையை வீடு என்று மாற்றக் கேட்கும் மனுவை நானே எழுதினேன். அதில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். அத்தா கேட்ட சம்மதத் தாளில் மட்டும் போடாதீர்கள். ஏன் போடவில்லை என்று எனக்கு எழுதவும் வேண்டாம். என்னால் அத்தாவிடம் சொல்ல முடியாது. நீங்களே அவருக்கு ஒரு போன் செய்து, "முடியாதுடா" என்று சொல்லுங்கள். சண்டையாக இருந்தாலும் சரி, பெரியத்தா. நீங்கள் இருவரும் பேச வேண்டும்.

அல்லாஹ் உங்களுக்கு நல்ல சுகத்தைத் தரட்டும்.

உங்கள் தம்பி மகள்,
ரஃபியா