இந்த வருடம் தம்பி மனைவியின் முறை

டிசம்பர் 18

கிளினிக்கில் உட்கார இடமில்லை. பண்டிகை நெருங்கினால் ஊரில் உள்ள பற்கள் எல்லாம் கூடிப் பேசி முடிவெடுத்ததுபோல் வலிக்க ஆரம்பிக்கும். வரவேற்பு மேஜையில் டோக்கன் கொடுக்கிற எனக்கு நல்ல வேட்டை. ஒரு அம்மா வீங்கிய கன்னத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, வீங்காத பக்கத்து வாயால் போனில் மருமகளைத் திட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி முன் நின்று செய்து பார்த்தேன். அச்சு அசல்.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னைக்கு யாரு?" என்றார். பாவம், எத்தனை பெண்களோடு குடித்தனம் நடத்துகிறோம் என்று அவருக்கே தெரியாது.

டிசம்பர் 20

என்ன வெயில்! டிசம்பர் என்று நாட்காட்டியில் மட்டும்தான் போட்டிருக்கிறது. பரணிலிருந்து பிளாஸ்டிக் மரத்தை இறக்கிப் பஞ்சுப் பனி ஒட்டினேன். பாதிப் பனி மரத்தில், மீதி என் கழுத்து வேர்வையில்.

தம்பி போன் செய்தான். வழக்கமாக இருபத்து நான்காம் தேதி இருட்டிய பிறகு வந்து சேருகிறவன், இந்த முறை ஒரு நாள் முன்னதாகவே வருகிறானாம். "என்னடா அதிசயம்?" என்றேன். "அவதான்க்கா சீக்கிரம் போலாம்னா. உன்கூட ரெண்டு நாள் இருக்கணுமாம்."

என்கூட! சமையலறையில் வீட்டுக்காரருக்குக் கேட்கிற மாதிரி இரண்டு தடவை சொல்லிக்கொண்டேன்.

டிசம்பர் 22

இந்த வருடம் யாரை எல்லாம் செய்வது என்று யோசனை. கிறிஸ்துமஸ் மதியம் சாப்பிட்டு முடித்து, தட்டைக்கூட எடுக்காமல் எல்லோரும் மின்விசிறிக்குக் கீழே சரிந்ததும் நான் எழுந்து நிற்க வேண்டும். வீட்டு ஆட்களை ஒவ்வொருவராக நடித்துக் காட்ட வேண்டும். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது சட்டம். கோபம் வருவதெல்லாம் விட்டுப்போனவர்களுக்குத்தான். பெரிய அண்ணி கல்யாணமாகி வந்த வருடம் அவர் தும்முவதைச் செய்து காட்டினேன். "அப்பாடா, இப்பதான் உங்க வீட்டு ஆளானேன்" என்றார்.

தம்பி மனைவிதான் இன்றுவரை பிடி கொடுக்கவில்லை. அதிர்ந்து பேச மாட்டாள், அதிர்ந்து நடக்க மாட்டாள், கோபத்தில்கூடப் பாத்திரத்தை மெதுவாகத்தான் வைப்பாள். இப்படி இருந்தால் ஒரு கலைஞி என்னதான் செய்ய முடியும்? போன வருடம் கிளம்பும்போது, "என்னை மட்டும் செய்யவே மாட்டேங்கறீங்களே அண்ணி" என்று சிரித்தாள். சிரிப்புக்கு அடியில் கொஞ்சம் ஏக்கம் இருந்தது.

இந்த வருடம் எப்படியாவது.

டிசம்பர் 23

வந்துவிட்டார்கள். தம்பி மகன் வாண்டு செருப்பைக் கழற்றி என் மடியில் வைத்துவிட்டு, நேராகப் போய் மரத்தின் பனியைப் பிய்த்தான். இரண்டரை வயது. கன்னம் இரண்டும் பன் மாதிரி. பால்கனியில் துணி ஊற வைக்கிற டப்பில் தண்ணீர் நிரப்பி உட்கார வைத்தேன். மதியம் முழுக்க அங்கேயே ராஜ்யம். தண்ணீர் வேண்டும், குவளை வேண்டும், அத்தை பக்கத்தில் வேண்டும், எல்லாம் விரலாலேயே உத்தரவு.

"பெரிய அதிகாரிடா நீ. வாயைத் திறந்து கேக்கறது கௌரவக் குறைச்சலோ?" என்றேன்.

என் மூக்கைப் பிடித்துத் திருகினான். எனக்கு இதைவிட என்ன கிறிஸ்துமஸ் வேண்டும்?

டிசம்பர் 24

கிடைத்துவிட்டது! கிடைத்துவிட்டது!

காலையில் துணி எடுக்கப் படுக்கையறைக்குப் போனேன். பீரோக் கண்ணாடி முன்னால் தம்பி மனைவி மண்டி போட்டிருக்கிறாள். மடியில் வாண்டு. மரத்திலிருந்து ஒரு துளி பஞ்சைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கண்ணை உருட்டி, கன்னத்தை உப்பி, "ப்பா!" என்கிறாள். பஞ்சு பறக்கிறது. மறுபடி எடுத்து வைத்து, "ப்பா!" அவன் கையைப் பிடித்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு, "ப்ப்பா!" நம் அமைதியான பெண்ணா இது! என்னைக் கண்ணாடியில் பார்த்ததும் சட்டென்று எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். முகம் சிவந்துவிட்டது. நான் ஒன்றும் பார்க்காதவள்போல் துணியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் கண்ணும் கன்னமும் மண்டியும் எனக்குள் பதிவாகிவிட்டன.

மதியம் கேக்குக்குப் பூச்சு பூசிக்கொண்டிருந்தேன். பூசப் பூச வழிந்தது. அவள் வந்து பக்கத்தில் நின்றாள். அடுப்பு மேடையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"அண்ணி, அவரு சின்ன வயசுல எப்ப பேச ஆரம்பிச்சாரு?"

"உன் வீட்டுக்காரனா? மூணு வயசு வரைக்கும் வாயே திறக்கலம்மா. அப்புறம் திறந்தான். இன்னும் மூடல."

"நெசமாவா அண்ணி? மூணு வயசா?"

"சத்தியமா. ஊமையோன்னு நெனச்சு அம்மா கோயில் கோயிலா நேந்துக்கிட்டாங்க. பேசினதுக்கப்புறம் ஏன் நேந்துக்கிட்டோம்னு இருந்துச்சு."

அப்படிச் சிரித்தாள். இவளை நான் இவ்வளவு சிரிக்க வைத்ததே இல்லை. என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. பூச்சு வழிகிற அவசரத்தில் நானும் கேட்கவில்லை.

டிசம்பர் 25, காலை

ஆராதனை முடிந்தது. பெரியண்ணனும் பெரிய அண்ணியும் வந்தாயிற்று. பஞ்சு தயார், துப்பட்டா தயார். இன்று பின்னிவிடுவேன்.

டிசம்பர் 26

எழுதாமல் இருக்கலாம். எழுதாவிட்டால் நடக்காமல் போய்விடுமா?

முதலில் பெரியண்ணன் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுவதைச் செய்தேன். பிறகு வீட்டுக்காரர் கணக்கு வாத்தியாராகவே மாம்பழம் வாங்குவது. பெரிய அண்ணி சிரித்துச் சிரித்துத் தும்மினார். தம்பி தரையில் உருண்டான். காது நிறையக் கைதட்டல் இருந்தால் எனக்குக் கண் தெரியாது. இது எனக்கே தெரியும்.

"இப்ப, இவ்வளவு வருஷமா தப்பிச்சிட்டிருந்த ஒருத்தங்க" என்றேன்.

தம்பி மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த முகத்தை நான் மறக்கக் கூடாது. சந்தோஷமாகத்தான் இருந்தது.

துப்பட்டாவை முந்தானை மாதிரி போட்டுக்கொண்டு, மரத்தில் பஞ்சைக் கிள்ளி, பெரியண்ணன் முன்னால் மண்டி போட்டேன். அவர் தாடையைப் பிடித்தேன். "ப்பா சொல்லு தங்கம். ப்ப்பா! எங்க, அம்மா தொண்டையைத் தொடு. ப்ப்ப்பா!" கண்ணை அவளைவிட இரண்டு மடங்கு உருட்டினேன். பெரியண்ணனும் சளைத்தவரில்லை, வழுக்கைத் தலையை ஆட்டி "ங்கா" என்றார். வீடே அதிர்ந்தது.

நான் அவள் பக்கம் திரும்பவில்லை. தம்பியின் சிரிப்பு நின்றதும் எனக்குக் கேட்கவில்லை.

அப்போது வாண்டு ஓடி வந்தான். என் முன்னால் குட்டி மண்டி போட்டான். என் கையிலிருந்த பஞ்சை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கண்ணை உருட்டி, கன்னத்தை உப்பினான். உதட்டைத் திறந்தான். காற்று மட்டும் வந்தது. பஞ்சு என் முகத்தில் ஒட்டியது. மறுபடி எடுத்தான். மறுபடி காற்று. என் கையை இழுத்துத் தன் தொண்டையில் வைத்தான். தொண்டை அசையவே இல்லை. நான் சிரிப்பேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நானும் சிரித்தேன். ஐயோ, சிரிச்சேன்.

"என்னடா, சத்தமில்லாம படம் ஓட்டற!" என்றார் பெரிய அண்ணி. தப்பாகச் சொல்லவில்லை, அவருக்கு என்ன தெரியும்? எனக்குத்தான் என்ன தெரியும்? பல் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து ஊரில் இருக்கிறவன் வாயையெல்லாம் பார்க்கிறேன். மூணு நாளா இந்தப் பிள்ளை ஒரு வார்த்தை பேசலையேன்னு பார்த்தேனா? விரலைக் காட்டினா அதிகாரின்னேன்.

அவள் எழுந்து வந்தாள். சத்தமில்லாமல்தான். குழந்தையின் கையில் ஒட்டியிருந்த பஞ்சைத் துடைத்தாள். என் முகத்திலிருந்ததையும் எடுத்துவிட்டாள். அதை ஏன் செய்தாள்? பிறகு அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். மின்விசிறி மட்டும் கடகடவென்று சுற்றியது. ஐஸ்கிரீமை யாரும் தொடவில்லை. பெட்டியோடு கரைந்து மேஜையிலிருந்து சொட்டியது.

டிசம்பர் 27

காலையில் பால்கனியில் தம்பி. டப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தான்.

"காது டெஸ்ட் எல்லாம் எடுத்தாச்சுக்கா. காது நல்லா இருக்கு. புரிஞ்சுக்கறான். பேச்சுதான் வரல. வாரத்துல ரெண்டு நாள் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போறோம். அந்தப் பஞ்சு அங்க சொல்லிக் குடுத்தது."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடா?"

"சொல்லத்தான் ஒரு நாள் முன்னாடியே கிளம்பி வந்தா. யார்கிட்டயும் சொல்ல வேண்டாம், அண்ணிகிட்ட மட்டும் சொல்றேன்னு வந்தா. நீ ஏதோ சொன்னியாமே. சிரிச்சிட்டே வந்து, இப்ப சொல்ல வேணாம், கவலையே இல்லைன்னா."

சமையலறையில் என் கையை அழுத்திவிட்டுப் போனது அதற்குத்தான்.

"அக்கா, நான் மூணு வயசு வரைக்கும் பேசலையாமே. ராத்திரியும் அதையேதான் சொல்லிட்டிருந்தா. அவ்வளவு நடந்ததுக்கப்புறமும். அப்பா மாதிரிதான் பிள்ளையும்னு. நெசமாக்கா?"

கீழே தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். கிளம்பவில்லை. எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஒரே ஒரு 'ஆமா'. எவ்வளவு பேரை நடிக்கிறேன், ஒரு 'ஆமா' சொல்ல வரவில்லை.

"இல்லடா. ஒன்றரை வயசுல நீ பாட்டே பாடுவ. நான் சும்மா தமாஷுக்கு..."

அவன் கோபப்பட்டிருந்தால் தேவலை. தலையை மட்டும் ஆட்டினான். "நீயே சொல்லிடாதக்கா. நான் பக்குவமா சொல்லிக்கறேன்" என்றான்.

கிளம்பும்போது வாசலில் அவள் கையைப் பிடித்தேன். ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. "மன்னிச்சுக்கம்மா, இந்த வாயைப் பிடுங்கிப் போடச் சொல்லி எங்க டாக்டர்கிட்டயே அப்பாயின்ட்மென்ட் வாங்கிக்கறேன்" என்றேன்.

அப்போதும் தமாஷ்!

"பரவாயில்ல அண்ணி" என்றாள். வாண்டு காரின் ஜன்னல் வழியாக எனக்காகக் கன்னத்தை உப்பிக் காட்டினான். அவள் அவன் முகத்தை மெதுவாக உள்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஜனவரி 6

போன் செய்தேன். "ஒரு நிமிஷம் அண்ணி, அவர்கிட்ட குடுக்கறேன்." மரியாதையில் ஒரு குறை சொல்ல முடியாது.

ஜனவரி 19

பெரிய அண்ணி போனில் அழுதார். அந்த 'சத்தமில்லாத படம்' அவரைத் தூங்க விடவில்லையாம். "நீங்க என்னண்ணி பண்ணுவீங்க, மேடை போட்டது நான்" என்றேன். சமாதானம் சொல்ல ஆளுக்கு ஆள் கிடைத்தோம். சொல்ல வேண்டியவளுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

பிப்ரவரி 10

கிளினிக்கில் ஒரு அம்மா மூன்று வயதுப் பெண்ணோடு வந்தார். குழந்தை பேசவில்லை, கையை மட்டும் நீட்டியது. நான் டோக்கனைக் கொடுத்துவிட்டுக் குனிந்துகொண்டேன். வீட்டில் இவர், "என்ன, ரொம்ப நாளா யாரும் வரக் காணோம்?" என்றார். கண்ணாடியைக் காட்டித்தான் கேட்டார்.

மார்ச் 14

கூப்பிடாமலேயே போனேன். பழம் வாங்கிக்கொண்டு, பேருந்து பிடித்து, தம்பி வீட்டு மாடி ஏறும்போது சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஏறினேன். சிரிப்பு வருகிற வார்த்தை ஒன்றுகூட இல்லாமல் பார்த்துக்கொண்டேன்.

கதவைத் திறந்தவள், "வாங்கண்ணி" என்றாள். தண்ணீர் தந்தாள். காபி தந்தாள். நான் சொன்னேன். "அன்னைக்கு நீ சொல்ல வந்தப்ப நான் கேக்கல. பொய் வேற சொன்னேன். தப்பு என் மேலதான்." அவ்வளவுதான். வேறு ஒன்றும் சேர்க்கவில்லை.

அவள் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு உங்க மேல கோவம் இல்லண்ணி" என்றாள். "நீங்க சொன்னதை நம்பிட்டேனேன்னு என் மேலதான்." பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "அவனுக்குப் பயிற்சி நேரம். உக்காந்திருங்க, வந்துடறேன்."

வாண்டு என் முழங்காலில் சாய்ந்து நின்றிருந்தான். அவனைக் கையைப் பிடித்து உள்ளறைக்குக் கூட்டிப் போனாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போடுகிற சத்தமும் கேட்டது.

எதிரே உட்கார்ந்திருந்த தம்பி டிவியின் ஒலியைக் கூட்டப் போனான். நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

உள்ளே அவள் குரல், எனக்குக் கேட்டுவிடக் கூடாது என்று அடக்கிய குரல். நடுநடுவே நெடுநேரம் ஒன்றுமே இல்லை. காபி ஆடை கட்டிவிட்டது. அப்புறம், கொஞ்சம் கரகரப்பாக, அவளுடையதல்லாத ஒரு குரல்:

"ப்பா."

தம்பி என்னைப் பார்த்தான். "போன வாரத்துலேருந்து" என்றான் மெதுவாக. யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

எழுந்து ஓடிப்போய்க் கதவைத் தட்டி அவனைத் தூக்கிச் சுற்ற வேண்டும்போல் இருந்தது. உள்ளே மறுபடி ஒரு "ப்பா". நான் மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்காமல், இருந்த இடத்திலேயே இருந்தேன்.