மஞ்சள் நீரில் கழுவிய சப்பாத்து

தம்பி,

இன்று காலை கூடத்தில் இருந்தவர்கள்: நான், உங்கள் அண்ணன், என் சின்னவள், அலமாரி தூக்க வந்த அடுத்த வீட்டுச் சீனர். ஆக நான்கு பேர். ஆயுத பூசைக்கு வீடு கழுவுகிறோம். அலமாரி நகர்ந்ததும் சுவரோரம் ஒரு செய்தித்தாள் பொட்டலம் கிடந்தது. சின்னவள் பிரித்தாள். உங்கள் காற்பந்துச் சப்பாத்து. மூன்று வருடம் ஆகியும் தையலில் மஞ்சள் வாசம் போகவில்லை. இடது காலின் அடித்தோல் பிளந்து தொங்க, அதைச் சணல் கயிற்றால் சுற்றிக் கட்டியிருந்தீர்கள். வீசிவிடவா என்று சீனர் மலாயில் கேட்டார். நான் அதை வாங்கிச் சமையலறைக்குக் கொண்டுபோனேன்.

"சிங்கப்பூர்லயே விட்டுட்டேன் அண்ணி" என்றுதானே என்னிடம் சொன்னீர்கள்?

துறைமுகக் குழுவில் ஒரு பருவம் ஆட நீங்கள் பேருந்து ஏறியபோது சிங்கப்பூரும் நம் நாடுதான். பருவத்தின் நடுவிலே அது தனி நாடாகிவிட்டது. "ஒரே நாள்ல வெளிநாட்டு ஆட்டக்காரனாயிட்டேன், அண்ணி. சம்பளம் மட்டும் அதேதான்" என்று எழுதினீர்கள். ஒவ்வொரு ஞாயிறு ஆட்டத்துக்கும் ஒரு கடிதம் வரும். பள்ளிக்கூடம் போகாமல், மளிகைப் பொட்டலக் காகிதங்களில் எழுத்துக் கூட்டிப் பழகியவள் நான். உங்கள் கடிதங்களைத்தான் முதலில் தடுமாறாமல் படித்தேன். வீட்டுக் கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில், யார் எத்தனை கோல் என்று ஆட்டம் தவறாமல் எழுதி வைத்தேன். வென்றால் காஜா பேராங் கோவில் அம்மனுக்கு ஒரு தேங்காய். தோற்றாலும் ஒரு தேங்காய்.

"தோத்ததுக்கு எதுக்கு அண்ணி தேங்காய்?"

"கால் ஒடையாம வந்தீங்கல்ல, அதுக்கு."

இறுதி ஆட்டத்துக்கு முந்தின வாரம் ஆயுத பூசை. விடுப்பில் வந்திருந்தீர்கள். அண்ணனின் குறடு, என் கத்தரிக்கோல், கணக்குப் புத்தகம் எல்லாம் சாமி மேடையில் ஏறிவிட்டன. நீங்கள் சேறு அப்பிய சப்பாத்தோடு வந்து நின்றீர்கள்.

"செருப்ப கொண்டாந்து சாமிகிட்ட வைக்கிறியே, மூளை இருக்கா?" என்றார் அண்ணன்.

"ஒங்க குறடு மட்டும்தான் ஆயுதமா? எனக்குச் சோறு போடுறது இதுதான்லா."

நடுவில் புகுந்தவள் நான். தோல் பொருள் அப்படியே மேடை ஏறக் கூடாது, மஞ்சள் நீரில் கழுவிவிட்டால் குற்றமில்லை என்று தீர்ப்புச் சொன்னேன். அப்படி யார் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? ஒருவரும் இல்லை. கொதிநீரில் மஞ்சள் கரைத்து, உள்ளும் புறமும் தேய்த்து ஊற வைத்தேன். வெளியே மழை. காயாததால் அடுப்பு மேட்டில் வைத்து உலர்த்தினேன். எடுத்தபோது கட்டையாக இருந்தது. நீங்கள் தட்டிப் பார்த்து, "இதால ஒதைச்சா பந்து அழும், அண்ணி" என்று சிரித்தீர்கள். நான் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். எனக்கு எவ்வளவு பெருமை அன்றைக்கு!

பதினைந்து நாளில் முழங்கால் கட்டோடு திரும்பினீர்கள். கைத்தாங்கலாக அழைத்து வந்தவர், உங்களோடு ஆடிய தெங்கேரா ஊர் நண்பர்.

"அக்கா, பாதி ஆட்டத்துல இவன் சப்பாத்து..."

"மழை, அண்ணி" என்று அவரை மறித்தீர்கள். "திடல் முழுக்க சேறு. வழுக்கிட்டேன், அவ்வளவுதான். டேய், நீ காப்பியைக் குடி."

பிறகு நீங்கள் ஆடவே இல்லை. மாலையில் திடல் பக்கமிருந்து சத்தம் வந்தால் வானொலியைக் கூட்டி வைப்பீர்கள்.

போன தையில் காமாலை வந்தது. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் உங்கள் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். மழைதானா தம்பி என்று கேட்க ஒவ்வொரு நாளும் நினைத்தேன். கஞ்சிதான் ஊட்டினேன். எட்டாம் நாள் நீங்களே ஆரம்பித்தீர்கள்.

"அந்தக் கடைசி ஆட்டத்தை எழுதிட்டீங்களா, அண்ணி?"

"இன்னும் இல்ல தம்பி."

"எழுதாதீங்க. மழையால நின்னுபோச்சுன்னு வச்சுக்குங்க."

மறுநாள் கண்ணை மூடிவிட்டீர்கள். நானும் அப்படியே வைத்துக்கொண்டேன். இன்று காலை வரைக்கும்.

இப்போது கயிற்றை அவிழ்க்கவும் முடியவில்லை, பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. மத்தியானம் கோவிலுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்பதா, அன்றைக்கு என் கையை ஏன் தடுக்கவில்லை என்று அம்மனையே கேட்பதா தெரியாமல், வழக்கம்போல ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்துவிட்டேன். நீங்கள் ஒரு தடவை என்னைத் திட்டியிருக்கலாம். அதை நான் தாங்கியிருப்பேன். என் முகம் வாடக் கூடாதென்று கடைசிவரை அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்தீர்களே, அதைத்தான் எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

சப்பாத்து இப்போது சமையலறை மேசையில் இருக்கிறது. சாமி மேடையில் ஏற்ற எனக்குப் பயம். வீசக் கை வரவில்லை. பூசைக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது, தம்பி. என்ன செய்யட்டும் என்று சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

அண்ணி