பீரோ வாங்கிய காற்று

இன்று காலை டர்பன்டைன் பாட்டிலைத் திறந்தேன், நீ வந்துவிட்டாய். உன் வீட்டு கேட்டுக்கு நாம் பெயின்ட் அடித்த நாளிலிருந்து அந்த நெடி எனக்கு உன் நெடிதான். இப்போது என் வீட்டு கேட். கையில் பச்சைப் பெயின்ட், முந்தானையிலும் பச்சைப் பெயின்ட். நீ இருந்திருந்தால் மதில்மேல் சாய்ந்துகொண்டு, "கேட்டுக்கு அடிக்கிறியா, ஒனக்கு அடிச்சிக்கிறியா?" என்று கேட்டிருப்பாய்.

நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து திருநின்றவூருக்கு வந்து எத்தனையோ வருடமாகியும் உனக்கு நான் ஊர்க்காரிதான். ஆவடியில் பிறந்த உனக்கு, செங்கல்பட்டைத் தாண்டி வந்த எல்லாருமே ஊர்க்காரர்கள்.

உனக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது, இனித் தனியாக இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியனுப்பியிருந்தார். வேப்பம்பட்டில் உன் மகள் வீட்டை ஒட்டியே ஒரு சின்ன வீடு விலைக்கு வந்தது. ஆவணி முடியும்வரை பொறுப்பதாக அதன் சொந்தக்காரர் சொன்னார். அதற்குள் என் பக்கத்து வீடான உன் வீட்டை விற்றாக வேண்டும், இல்லையென்றால் அது கைநழுவிவிடும். உன் அண்ணன் வந்து, டைல்ஸை மாற்று, சமையலறையை இடித்துக் கட்டு, அப்போதுதான் விலை போகும் என்றார். நீ தலையாட்டிக்கொண்டே டீயைக் குடித்து முடித்தாய். அவர் தெருமுனை தாண்டியதும் என்னைக் கூப்பிட்டாய்.

"இன்னா ஊர்க்காரி, அவுரு சொல்றதுக்கெல்லாம் நான் எங்க போவேன்? வெளிச்சம் உள்ள வரணும், அழுக்கு வெளிய போவணும். அவ்ளோதான். மத்தத வர்றவங்க பாத்துக்குவாங்க."

அந்த ஆனி மாதம் முழுக்க, அம்பத்தூர் ஆபீசிலிருந்து ரயிலில் வந்து இறங்கியதும் உன் வீடுதான் எனக்கு. நீ ஸ்டூலில் உட்கார்ந்து வேலை வாங்கினாய், நான் திட்டு வாங்கினேன். சொட்டிக்கொண்டிருந்த குழாய்க்கு வாஷர் மாற்றினோம். உப்புத் தண்ணீர் கறையேறிய பாத்ரூம் குழாய்களை எலுமிச்சை மூடியால் தேய்த்து மினுக்கினோம். சமையலறையில் அழுதுவடிந்த பல்பைக் கழற்றி நல்ல வெளிச்சமாய் ஒன்று போட்டோம். கீச்சிட்ட கதவுகளுக்கு உன் தையல் மிஷின் எண்ணெய். உடைந்த நாற்காலிகளும் உன் வீட்டுக்காரரின் துருப்பிடித்த சைக்கிளும் பழைய சாமான்காரரிடம் போயின. சைக்கிள் போனபோது மட்டும் நீ உள்ளே போய்விட்டாய். ஹாலில் வரிசையாகத் தொங்கிய காலண்டர்களை எல்லாம் இறக்கி, ஆணி ஓட்டைகளை அடைத்து, சுவருக்கு ஒரே ஒரு பூச்சு வெள்ளை. வெளியே கேட்டுக்குப் பெயின்ட். கடைசியாக, ஹால் ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்ற பீரோவை உன் மருமகனும் நானும் தள்ளி உள்ளறையில் வைத்தோம்.

எல்லாம் முடிந்த சாயங்காலம் நீ தரகருக்குப் போன் போட்டாய், ஆளைக் கூட்டிவரச் சொல்லி. ஸ்பீக்கரில் அவர் சிரித்தார். "யக்கா, நாளிக்கு ஆடி பொறக்குது. ஆடில எவன் அட்வான்ஸ் குடுப்பான்? ஆவணில கூட்டிகினு வரேன்."

நான் உன்னைப் பார்த்தேன், நீ சுவரைப் பார்த்தாய். தினமும் தாள் கிழித்த காலண்டரை நாமே இறக்கிவிட்டு, மாதம் போனதே தெரியாமல் மாங்கு மாங்கென்று வேலை பார்த்திருக்கிறோம். "நல்லா இருக்குல்லா நம்ம லெச்சணம்" என்றேன். நீ கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய்.

அந்த ஆடி முழுக்க எனக்குத்தான் பதற்றம். நீயோ பீரோ இருந்த இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாய். ஏரிப் பக்கத்திலிருந்து காற்று வந்துகொண்டே இருந்தது. "இத்தினி வருசமா இந்தக் காத்த பீரோ வாங்கிகினு இருந்துகீது பாரு" என்றாய்.

நடுவில் ஒருநாள் மழை பிடித்தது. மறுநாள், புது வெள்ளையைத் தாண்டி ஹால் மூலையில் ஈரக்கறை படர்ந்திருந்தது. மாடியில் ஏறிப் பார்த்தால் மழைத்தண்ணீர்க் குழாய் முழுக்க வேப்பிலை அடைப்பு. கம்பி விட்டுக் குத்தி எடுத்தேன். கறைமேல் இன்னொரு பூச்சு அடித்துவிடலாம் என்றதற்கு நீ சம்மதிக்கவில்லை.

"ஆடி வந்ததும் நல்லதுக்குத்தான். இல்லாங்காட்டி இது தெரியாமயே யார் தலைலயாவது கட்டியிருப்பேன். கறை கெடக்கட்டும், கேட்டா சொல்லிக்கலாம்."

ஆவணியில் சேலத்துக்காரத் தம்பதி வந்தார்கள். இருவருக்கும் கம்ப்யூட்டர் வேலை. அந்தப் பெண் நேராகப் போய்க் கறையைத்தான் பார்த்தாள். நீ அடைப்பையும் வேப்பிலையையும் ஒளிக்காமல் சொன்னாய். அவள் கணவர் முகம் சுருங்கியது. வேப்பம்பட்டு வீடு போயிற்று என்றே நினைத்தேன். அவள் மாடிக்கு ஏறிப் பார்த்துவிட்டு வந்து, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தாள். "காத்து நல்லா வருதுங்க" என்றாள். பிறகு, "வேற ஏதாச்சும் குறை இருக்குங்களா?" என்று கேட்டாள்.

"பக்கத்தூட்ல ஒரு ஊர்க்காரி கீறா. வாயாடி. வேற ஒண்ணும் கெடயாது."

அவள் கணவர்தான் முதலில் சிரித்தார். ஆவணி முடிவதற்குள் நீ வேப்பம்பட்டில் பால் காய்ச்சிவிட்டாய்.

சாமான் வண்டி கிளம்புமுன் நீ அந்த ஜன்னலருகே கொஞ்ச நேரம் நின்றாய். "விக்கறதுக்காகப் பண்ணத எல்லாம் இருக்கறதுக்காகப் பண்ணியிருக்கலாம், ஊர்க்காரி. இத்தினி வருசத்துல ஒரு மாசந்தான் நல்ல ஊட்ல இருந்தேன்." நீ வருத்தமாகச் சொல்லவில்லை.

வேப்பம்பட்டில் முதல் வேலையாய் ஜன்னலோரம் நாற்காலி போட்டாய். ஞாயிறுதோறும் வந்து உன்னோடு உட்கார்ந்திருந்தேன். போன வருடம் ஒரு மத்தியானம், மகள் பக்கத்திலிருக்க, சிரமப்படாமல் போய்விட்டாய். இன்னும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் கால் ஸ்டேஷன் பக்கம்தான் திரும்புகிறது. எனக்கு உன்னை ரொம்பத் தேடுகிறது.

என் வீட்டில் பீரோவை நகர்த்தியாயிற்று. குழாய் சொட்டுவதில்லை. உன் வீட்டுச் சேலத்துப் பெண் மழைக்கு முன்னால் தன் மாடிக் குழாயைக் குத்திவிட்டு, என்னையும் குத்தச் சொல்லி நினைவுபடுத்துகிறாள். இன்றைக்குத்தான் கேட்.

துணி தேய்க்கிற அண்ணன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவர் நின்று பார்த்தார். நம் தெருவில் கேட்டுக்குப் பெயின்ட் அடித்தால் அர்த்தம் ஒன்றுதானே.

"இன்னாம்மா, ஊட்ட குடுத்துட்டுக் கெளம்புறீங்களா?"

"இல்லண்ணே," என்றேன், "குடியிருக்கப் போறேன்."